எபெர்தோவின் காதில் அழுத பெண்

கம்பிக் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்ட பிறகுதான் எபெர்தோ எங்களுக்கு வணக்கம் சொன்னான்.

"திருடி யாருன்னு தெரியாம இந்த வீட்டை விட்டு யாரும் வெளிய போகக்கூடாது, தோன் தாமசோ. நீங்களும்தான்."

"நல்ல ஏற்பாடு," என்றார் என் கணவர். "மத்தியானச் சாப்பாடு உண்டா?"

நான் கம்பியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தேன். பாரன்கியா நகரத்தில் வாசல், ஜன்னல், கொல்லைப்புறம் எல்லாவற்றுக்கும் கம்பி போடுவார்கள். திருடன் உள்ளே வராமல் இருக்க என்று சொல்வார்கள். உள்ளே இருப்பவரும் வெளியே போக முடியாது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

"கிழவரே, துப்பறியப் போறோம்னுதானே சொன்னீங்க? ஜெயிலுக்குப் போறோம்னு சொல்லியிருந்தா மாத்துத்துணி எடுத்துட்டு வந்திருப்பேன்."

"சத்தம் போடாதே, கறுப்பி. வானத்தைப் பாரு."

பார்த்தேன். நதிப்பக்கம் வானம் அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது. எபெர்தோவின் வீடோ சரிவான தெருவின் நடுவில் இருந்தது. மழை வந்தால் எங்கள் ஊர்த் தெருக்கள் ஆறாகிவிடும். கார்களையும் குளிர்சாதனப் பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு போகிற ஆறு. வடியும்வரை இருந்த இடத்தில் இருக்கவேண்டியதுதான். எபெர்தோவின் பூட்டுக்கு மேல் வானம் இன்னொரு பூட்டைப் போட வந்துகொண்டிருந்தது.

தாமசோ ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக வாழ்நாள் முழுக்கப் பொய்யர்களின் முகத்தைப் பார்த்தவர். ஓய்வுபெற்ற பிறகு அக்கம்பக்கத்தாரின் வழக்குகளைப் பார்த்தார். அவர் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளைக் கேட்பது என் வேலை. இப்போது சரிபார்த்துக்கொள்ள அவர் இல்லை. அதனால் எனக்கு நினைவிருக்கிறபடியே சொல்கிறேன்.

எபெர்தோ பிக்கோக்காரன். பிக்கோ என்பது ஆளைவிட உயரமான ஒலிபெருக்கிப் பெட்டி. அதன் முகப்பில் கண்ணைப் பறிக்கும் வண்ணங்களில் ஒரு படம் தீட்டியிருப்பார்கள். சனிக்கிழமை தெருவில் இறக்கி முடுக்கினால் இதயம் வயிற்றுக்குள் இடம் மாறும். எபெர்தோவின் பிக்கோவுக்கு 'மூழ்காளி' என்று பெயர். அது கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. செம்புத் தலைக்கவசம் போட்ட முக்குளிப்பவன் ஒருவன் அதன் முகத்திலிருந்து எங்களை முறைத்தான்.

பிக்கோக்காரனின் கௌரவம் சத்தத்தில் மட்டும் இல்லை. வேறு யாரிடமும் இல்லாத ஒரு பாட்டு அவனிடம் இருக்கவேண்டும். எபெர்தோவுக்கு அப்படி ஒன்றை ஆப்பிரிக்கத் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல்காரன் கொண்டுவந்து கொடுத்திருந்தான். பாடியவர் பெயர் யாருக்கும் தெரியக்கூடாது என்று இசைத்தட்டின் நடுக்காகிதத்தை ஆணியால் சுரண்டி எடுத்துவிட்டு, அவனே 'ஆட்டுக்கொம்பு' என்று பெயர் வைத்தான். மறுநாள், சனிக்கிழமை, முதல்முறையாக ஊருக்குப் போட்டுக் காட்டுவதாக இருந்தான்.

அதற்கு முந்தைய சனிக்கிழமையே அதை வேறொருவன் போட்டுவிட்டான். 'குளவி' என்ற பிக்கோ. அதன் சொந்தக்காரன் அர்ஹெமீரோ. அவன் வீடு எபெர்தோவின் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம். அவன் எபெர்தோவின் மனைவி ருபியேலாவுக்கு அண்ணன்.

"அறைக்கு ஒரே சாவி. அது என் கழுத்துல," என்றான் எபெர்தோ. "நான் குளிக்கும்போது மட்டும்தான் கழட்டுவேன். அப்ப வீட்ல யாரு இருக்கா? அவ. தட்டைத் தூக்கிச் சுவருக்கு மேல அண்ணன்கிட்ட நீட்டியிருக்கா. அவன் பதிவு பண்ணிட்டுத் திருப்பிக் குடுத்திருக்கான்."

"வேற தட்டு ஒண்ணு அவனுக்குக் கிடைச்சிருக்கலாமே?" என்றார் தாமசோ.

"என் தட்டுல கிதார் வர்ற இடத்துல ஒரு கீறல் இருக்கு. 'டிக்'குனு கேக்கும். அவன் போட்டதுலயும் அந்த 'டிக்' இருந்துச்சு. ஊரே ஆடுச்சு, நான் மட்டும் நின்னு கேட்டுட்டிருந்தேன்." அவன் மூழ்காளியின் பக்கம் கையைக் காட்டினான். "நாளைக்கு மூழ்காளி மைக்ல சொல்லப்போறேன். என் பொண்டாட்டி பேரைச் சொல்லி, திருடின்னு. இந்தத் தெரு மட்டுமில்ல, மார்க்கெட் வரைக்கும் கேக்கும். அதுவரைக்கும் அவ வெளிய போகக்கூடாது. நீங்க வேற யாரையாவது காட்டினீங்கன்னா வாயை மூடிக்கறேன்."

முதல் துளிகள் தகரக் கூரையில் விழுந்தன. அப்புறம் துளிகள் என்று பிரித்துச் சொல்ல ஒன்றும் இல்லை. பத்து வார்த்தை பேசுவதற்குள் தெரு பழுப்பு நிறத்தில் ஓட ஆரம்பித்தது. யாருடைய பிளாஸ்டிக் நாற்காலியோ கம்மென்று உட்கார்ந்தபடியே கடந்து போனது.

"அந்த நாற்காலிக்கு இருக்கற சுதந்திரம்கூட நமக்கு இல்ல," என்றேன்.

தாமசோ எபெர்தோ பக்கம் திரும்பினார். "நீங்க அந்தப் பாட்டைக் கேக்கறதை நான் பாக்கணும். வழக்கமா எப்படிக் கேப்பீங்களோ அப்படியே."

அறைக்கு ஜன்னல் இல்லை. இருந்த ஒன்றையும் செங்கல் வைத்து அடைத்திருந்தான். உள்ளே ஒரு நாற்காலி, இசைத்தட்டுச் சுழலி, அதன் பக்கத்தில் சோப்புப் பெட்டி அளவில் கொம்பு முளைத்த ஒரு கறுப்புப் பெட்டி. அதன்மேல் வயர் இல்லாத ஹெட்போன்.

"முன்னெல்லாம் கதவு, ஜன்னல் எல்லாம் அடைச்சு, சத்தத்தைக் குறைச்சு வச்சுக் கேப்பேன். அப்பவும் பயம். இது வந்தப்புறம்தான் நிம்மதி," என்றான். "அந்தக் கொம்புப் பெட்டி இந்த ஹெட்போனுக்கு மட்டும்தான் பாட்டை அனுப்பும். பாட்டு என் காதைத் தாண்டாது."

அவன் ஹெட்போனை மாட்டினான். ஊசி தட்டில் உரசும் கீச்சொலியைக்கூட நாங்கள் கேட்கக்கூடாது என்று மின்விசிறியை முழுவேகத்தில் வைத்தான். பிறகு ஊசியை இறக்கினான்.

நாங்கள் பார்த்தது ஒரு ஊமைப்படம். கண்ணை மூடிய ஓர் ஆள், தொந்தி குலுங்க, ஒன்றுமே இல்லாததற்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். திடீரென்று முகம் மலர்ந்தது. ஊசியைத் தூக்கிக் கொஞ்சம் பின்னால் வைத்தான். மறுபடி மலர்ந்தது. மறுபடி தூக்கிப் பின்னால் வைத்தான். அதற்கப்புறம்தான் பாட்டை முடியவிட்டான். முடிந்த பிறகும் ஹெட்போனைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். சட்டென்று முகம் வெளிறியது. ஹெட்போனைப் பிடுங்கி எறியாத குறையாகக் கழற்றினான்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"அந்தப் பொம்பள."

"எந்தப் பொம்பள?"

எபெர்தோ எங்களைப் பார்க்காமல் சொன்னான். "பாட்டு முடிஞ்சு கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு பொம்பள அழுவா. தினமும் இல்ல. மத்தியானத்துல கேட்டா மட்டும். தட்டுல பாடினவளோ என்னவோ... செத்துப்போயிருப்பா. பேரைச் சுரண்டிட்டேனில்ல, அந்தக் கோபம். பாதிரியாரைக் கூட்டிட்டு வந்து இதுக்குத் தீர்த்தம்கூடத் தெளிச்சாச்சு."

"ஹெட்போனுக்கா?"

"ஹெட்போனுக்குத்தான்."

நான் அதை வாங்கி மாட்டிக்கொண்டேன். சிரிக்கலாம் என்றுதான் மாட்டினேன். உள்ளே, என் மண்டைக்கு நடுவில், ஒரு பெண் விம்மிக்கொண்டிருந்தாள். அடிவயிற்றிலிருந்து வரும் அழுகை. அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. விசிறி தளர்ந்து நின்றது. அறை இருண்டது. அவளும் பாதி விம்மலில் நின்றுபோனாள்.

"போயிட்டா," என்றேன்.

"எப்போ?" தாமசோவின் குரல் இருட்டில் வந்தது.

"கரண்டோடயே."

"ஹெட்போன்ல தனியா பேட்டரி இருக்கில்ல, எபெர்தோ?"

"இருக்கு. சிவப்பு விளக்கு எரியுது பாருங்க."

"சரி," என்றார் தாமசோ. "கரண்ட் இல்லாம அழத் தெரியாத ஆவி."

அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் பிடிக்காது. ஆயுள் முழுக்க என்னிடம் பாதி வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டு, மீதியை இரவுச் சாப்பாட்டின்போது சொல்கிற மனிதர்.

விசிறி இல்லாத வீடு கொப்பரைபோல் கொதித்தது. வெள்ளத்துக்குப் பயந்து வாசலில் மணல் மூட்டை வைத்திருந்தார்கள். தண்ணீர் படியில் ஏறி, கம்பிக் கதவின் கீழ்ச்சட்டத்தை நக்கியது. சமையலறையில் ருபியேலா மண்ணெண்ணெய் அடுப்பில் காபி போட்டுக்கொண்டிருந்தாள். மெலிந்த, நிமிர்ந்த பெண். குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தோல்பெட்டி நின்றது.

"அவன் கட்டி வச்சானா?" என்று கேட்டேன்.

"நான் கட்டினது." பெரியவளிடம் பேசும் மரியாதையோடு அவள் கோப்பையை நீட்டினாள். "போறதுக்கு எனக்குப் பயமில்ல, தோன்யா. ஆனா திருடின்னு மைக்ல சொன்னப்புறம் போனா, நான் எங்க போனாலும் அந்தப் பேரு எனக்கு முன்னாடி போய் நாற்காலி போட்டு உக்காந்திருக்கும். பேரு சுத்தமாகட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

"உன் அண்ணன்கிட்ட கேட்டியா?"

"கொல்லைப்பக்கம் போனாலே இவன் பின்னாடி வந்து நிக்கறான். முன்னெல்லாம் இந்த வீட்ல காலைலேர்ந்து பாட்டு கேக்கும். நான் துணி துவைக்கறதே தாளத்துக்குத்தான். இப்ப அவன் அந்த அறைக்குள்ள தலையாட்டறான், நான் இங்க வெங்காயம் உரிக்கறேன். ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு ஊர்."

"அந்த ஹெட்போனை யாரு வாங்கினது?" என்றார் தாமசோ.

பால் பொங்கியது. அவள் துணியை எடுத்துத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். தாமசோவும் கேள்வியை இரண்டாம் முறை கேட்கவில்லை. கேள்வி கேட்டதும் கைக்கு வேலை தேடுவதை வைத்துத்தான் பொய்யர்களை அடையாளம் கண்டுகொள்வேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தப் பெண் நல்லவளாக இருக்கவேண்டும் என்று அதற்குள் நான் முடிவு செய்துவிட்டிருந்தேன்.

கூடத்தில் எபெர்தோ மூழ்காளிக்கு முன்னால் உட்கார்ந்து சாவியால் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தான். வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் கவிழ்ந்தபடி மிதந்து போனது. இந்த மாதிரி நேரங்களில் வாயை மூடிக்கொண்டிருக்க எனக்குத் தெரியாது.

"எனக்கென்னவோ அந்தக் குளவியைக் குறை சொல்ல மனசு வரல. போன சனிக்கிழமை நானும் இவரும் அங்க ஆடினோம். அந்த கிதார் வர்ற இடத்துல நான் இடுப்பைச் சுழட்டினேன் பாருங்க, தெருவே நின்னு பாத்துச்சு. சரி, முடிஞ்சுதுன்னு மூச்சு வாங்கினா மறுபடி அதே கிதார். மறுபடி சுழட்டினேன். மூணாவது தடவையும் வந்துச்சு. இந்தக் கிழவர் நடுத்தெருவுல முட்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டார்."

எபெர்தோ முகத்தைச் சுளித்தான். "அது எனக்கு எரிச்சலைக் கிளப்பறதுக்காகவே அவன் செஞ்சது."

தாமசோ காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "கறுப்பி, இன்னொரு தடவை சொல்லு. எத்தனை தடவை சுழட்டினே?"

"மூணு. ஏன், இப்பவும் வேணுமா?"

"எபெர்தோ, உங்க தட்டுல அந்த கிதார் எத்தனை தடவை வரும்?"

"மூணு..." என்று ஆரம்பித்த எபெர்தோ நின்றான். சாவி தொடையில் அசையவில்லை. "ஒண்ணு. தட்டுல ஒண்ணுதான்."

"மீதி ரெண்டு?"

"அது... நான் ஊசியைத் தூக்கி வைக்கறது."



"தட்டைத் திருடிட்டுப் போய்ப் பதிவு பண்ணினவன் கிதாரை ஒரு தடவைதான் பதிவு பண்ணியிருப்பான்," என்றார் தாமசோ. "அர்ஹெமீரோகிட்ட இருக்கறது தட்டுல இருக்கற பாட்டு இல்ல. நீங்க கேட்ட பாட்டு. நீங்க அந்த நாற்காலியில உக்காந்து, கதவைப் பூட்டிக்கிட்டு, சாவி கழுத்துல இருக்க, உங்க கையாலேயே ஊசியைத் தூக்கித் தூக்கி வச்சீங்களே, அது. அந்த நேரத்துல உங்க மனைவி உள்ள இல்ல. யாருமே இல்ல. நீங்க மட்டும்தான்."

"அப்படின்னா எப்படி...?"

பதிலுக்கு விளக்குகள் எரிந்தன. விசிறி முனகிச் சுற்ற ஆரம்பித்தது. எங்கேயோ ஒரு குளிர்பெட்டி உறுமியது.

தாமசோ எபெர்தோவை அறையைத் திறக்கவைத்து ஹெட்போனை எடுத்துவந்தார்; அவன் வழக்கம்போல உடனே பூட்டிக்கொண்டான். கொம்பு வைத்த பெட்டியின் வயரையே சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு வந்திருந்தார். ஹெட்போனை எபெர்தோவின் தலையில் மாட்டினார்.

"பெட்டி செத்துடுச்சு. இப்ப என்ன கேக்குது?"

"அவ. அழறா."

"ருபியேலா, கொல்லைப்பக்கம் வாம்மா. உன் அண்ணனைக் கூப்பிட்டு டிவியை அணைக்கச் சொல்லு."

அவள் தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். கண்ணாடிச் சில்லு பதித்த சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, இந்த வீட்டின் பூட்டிய நாட்களையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்: "அர்ஹெமீரோ! அந்த டிவியை அணைடா!"

"தொடர் ஓடுதுடி! அவ புருஷனை இப்பதான் கண்டுபிடிச்சிருக்கா!"

"அணைடான்னா!"

எபெர்தோ ஹெட்போன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றான். அப்புறம் மெதுவாகக் கையை எடுத்தான். "நின்னுடுச்சு."

"தீர்த்தத்துக்கு அடங்காத ஆவி, தங்கச்சி அதட்டலுக்கு அடங்கிடுச்சு," என்றேன்.

தாமசோ சொன்னார்: "வயர் இல்லாததுன்னா கம்பிக்கும் செங்கல்லுக்கும் கட்டுப்படாதுன்னு அர்த்தம். ஒரே மாதிரி ஜோடி ரெண்டு வீட்ல இருந்தா, ஒரு பெட்டி பேசாதப்ப இன்னொண்ணு ரெண்டு தலைக்கும் பேசும். உங்க பெட்டி ஓய்ஞ்சதும் அவன் டிவி உங்க காதுல அழுதுச்சு. அவன் டிவி ஓய்ஞ்சதும் உங்க ஆட்டுக்கொம்பு அவன் காதுல ஆடுச்சு. நீங்க ஜன்னலுக்குச் செங்கல் வச்சீங்க, பேரைச் சுரண்டினீங்க. அப்புறம் தினமும் நீங்களே அவன் காதுல கொண்டுபோய் ஊத்தினீங்க."

சுவருக்கு அப்பாலிருந்து அர்ஹெமீரோ எல்லாவற்றையும் கேட்டிருக்கவேண்டும். "நான் திருடல!" என்று கூவினான். "பேஸ்பால் ஆட்டம் கேக்க ஹெட்போனை மாட்டினேன், இவன் பாட்டு வந்துச்சு! காதுல வந்து விழுந்ததைப் பொறுக்கிப் பதிவு பண்ணினேன், அவ்வளவுதான்! அந்த கிதாரை மூணு தடவை வச்சது நல்ல யோசனை, மச்சான்!"

எபெர்தோ சிரிக்கவில்லை. மெதுவாகத் திரும்பினான்.

"ஒரே மாதிரி ஜோடி," என்றான். "இது இந்த ஊர்க் கடையில கிடையாது. அவனுக்கு எப்படிக் கிடைச்சுது?"

தாமசோ வாயைத் திறக்கவில்லை. அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. பால் பொங்கிய நேரத்திலேயே தெரிந்திருக்கும். பேசாமல் இருந்தால் அவள் தப்பித்துக்கொள்வாள் என்று நினைத்தார். ஆனால் நனைந்த துண்டோடு கொல்லை வாசற்படியில் நின்ற ருபியேலா தானே சொன்னாள்.

"நான்தான் வாங்கினேன். எல்லைப்பக்கம் இருக்கற மைக்காவோ சந்தைல. ரெண்டா எடுத்தா கொறைச்சுத் தரேன்னான். ஒண்ணு உனக்கு. ஒண்ணு அண்ணிக்கு, அண்ணன் வைக்கற டிவி சத்தத்துல தூங்க முடியலன்னு அழுதா. அதை அண்ணன் மாட்டிக்கிட்டான்."

"அப்ப நீதான்!" என்று கத்தினான் எபெர்தோ. "சுத்திச் சுத்தி உங்கிட்டதான் வந்து நிக்குது!"

"ஆமா. உனக்கு நான் எதுக்கு வாங்கினேன்னு தெரியுமா? பாட்டை மறைக்கணும்னு அந்தச் செங்கல் அறையில வேர்வையில குளிச்சுக்கிட்டு உக்காந்திருந்தியே. அதைப் பாக்க எனக்குப் பொறுக்கல." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "ஊரே ஆடுச்சு அந்தப் பாட்டுக்கு. தோன்யா இடுப்பைச் சுழட்டினாங்க. அண்ணன் வீட்டு நாய்கூடக் கேட்டிருக்கும். நான் திருடினதா நீ சொல்ற அந்தப் பாட்டை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்ல, எபெர்தோ. ஒரே ஒரு தடவைகூட."

கூரையில் மழை தளர்ந்திருந்தது. எபெர்தோ கழுத்திலிருந்து சாவியை எடுத்து அறையைத் திறந்தான். தட்டைக் கொண்டுவந்தான். மூழ்காளியின் சுழலியில் வைத்தான். முடுக்கிவிட்டு முன்னால் உட்கார்ந்தான்.

நான் அதுவரை வீட்டுக்குள் பிக்கோ கேட்டதில்லை. கோப்பைகள் அலமாரியில் குதித்தன. கம்பிக் கதவு அதிர்ந்து கிணுகிணுத்தது. தெருவில் ஓடும் தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. ருபியேலா சமையலறை வாசலில் சாய்ந்து நின்று கேட்டாள். கிதார் வந்தது, 'டிக்' என்ற கீறலோடு. எபெர்தோவின் கை பழக்கத்தில் ஊசியை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. மடியில் விழுந்தது. கிதார் ஒருமுறை வந்து, போய்விட்டது.

அவன் எழுந்து கம்பிக் கதவைத் திறந்தான். ஒருவேளை காற்றுக்காகத் திறந்திருக்கலாம். ஒருவேளை மன்னிப்புக் கேட்க அவனுக்குத் தெரிந்த வழி அதுவாக இருக்கலாம். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது.

ருபியேலா உள்ளே போய்த் தோல்பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். எபெர்தோவின் பக்கத்தில் நின்று, அவன் காதருகே போய், இரைச்சலுக்கு மேல் கத்தினாள்.

"நல்லாத்தான் இருக்கு!"

செருப்பைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பெட்டியைத் தலையில் வைத்தாள். எங்களைப் பார்த்துத் தலையசைத்தாள். தண்ணீரில் இறங்கி, வீட்டுச் சுவர்களை ஒட்டியே மேட்டுப்பக்கம் நடந்தாள். அண்ணன் வீட்டுப் பக்கம் அவள் திரும்பவில்லை. ஜன்னல்களில் இருந்தவர்கள் அவளைத் திருடியாகப் பார்க்கவில்லை. பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே வழியனுப்பினார்கள்.

"போங்க, தடுங்க," என்று தாமசோவின் விலாவில் இடித்தேன்.

"பூட்டைத் திறக்கத்தானே வந்தோம், கறுப்பி," என்றார் அவர்.

பாட்டு முடிந்தது. ஊசி, தட்டின் வெறும் பகுதிக்கு வந்து, ஊரே கேட்கும்படி, சரக் சரக்கென்று உரசிக்கொண்டே இருந்தது. கதவருகே நின்ற எபெர்தோ அதைத் தூக்கப் போகவில்லை.